மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மின்சாதனத்தின் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்தையும், அதன் வழியே பாயும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்துவிட்டால், அதன் மின்தடையை ஒரு வகுத்தலாலும், அது எடுத்துக்கொள்ளும் மின்திறனை ஒரு பெருக்கலாலும் கண்டுவிடலாம். கணக்கு எளிதுதான், அளவு எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்காமல் விடும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. கீழுள்ள விடைகளில் பெரும்பாலானவை வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தையும், தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடு, குண்டு பல்பு, பம்ப் மோட்டார் போன்ற அன்றாடச் சாதனங்களையும் கொண்டே விளக்கப்படுகின்றன.

அடிப்படைச் சூத்திரங்கள் யாவை?

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

மின்னழுத்தத்தை வோல்ட்டிலும் மின்னோட்டத்தை ஆம்பியரிலும் எழுதினால், மின்தடை ஓமிலும் மின்திறன் வாட்டிலும் கிடைக்கும். வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சும் ராடு ஒன்று வேலை செய்துகொண்டிருக்கும்போது சாக்கெட்டில் 228 வோல்ட்டும், ஒயரில் 6.4 ஆம்பியரும் காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்தடை 228 ÷ 6.4, அதாவது சுமார் 35.6 ஓம், அது எடுக்கும் திறன் 228 × 6.4, அதாவது சுமார் 1459 வாட். மில்லிஆம்பியரில் அளந்திருந்தால் கணக்கில் இடுவதற்கு முன் 1000-ஆல் வகுத்து ஆம்பியராக்கிக்கொள்ள வேண்டும். மாணவர்களின் விடை ஆயிரம் மடங்கு பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சாதனத்தின் மேல் வாட்டும் வோல்ட்டும் மட்டுமே எழுதியிருக்கின்றன. அதிலிருந்து மின்தடை கிடைக்குமா?

கிடைக்கும். மேற்கண்ட இரண்டு சூத்திரங்களையும் இணைத்தால் இன்னும் இரண்டு பிறக்கின்றன:

மின்திறன் = மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை
மின்திறன் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை

முதலாவதைத் திருப்பி எழுதினால், மின்தடை என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்து வருவது. 1500 வாட், 230 வோல்ட் என்று குறித்த ராடுக்கு 52,900 ÷ 1500, அதாவது சுமார் 35.3 ஓம். இந்த 1500 வாட் என்பது சரியாக 230 வோல்ட் கிடைக்கும்போது மட்டுமே உண்மை என்பதை மறக்கக் கூடாது. சுருளின் இயல்பாக நிலைத்திருப்பது மின்தடைதான்; திறனோ வருகிற மின்னழுத்தத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு சூத்திரத்தின்படி மின்தடை கூடினால் திறன் குறைகிறது, மற்றொன்றின்படி கூடுகிறது. எது சரி?

இரண்டுமே சரி. எது மாறாமல் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் முரண்பாடு மறைந்துவிடும். வீட்டில் எல்லாச் சாதனங்களும் பக்க இணைப்பில், ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. ஆகவே அங்கே மின்தடை குறைந்த சாதனமே அதிகத் திறனை எடுக்கும். 1500 வாட் ராடின் மின்தடை 35 ஓம் என்றால் 60 வாட் குண்டு பல்பின் மின்தடை சுமார் 880 ஓம். தொடர் இணைப்பிலோ எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால், மின்தடை மிகுந்ததே அதிகத் திறனை எடுக்கும்.

இதைத் தெளிவாகக் காட்டுவது 40 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுக்கும் சோதனை. குறிப்பின்படி 40 வாட் பல்பின் தடை 1322 ஓம், 100 வாட் பல்பின் தடை 529 ஓம். கூட்டினால் 1851 ஓம். பாயும் மின்னோட்டம் சுமார் 0.124 ஆம்பியர். திறனைக் கணக்கிட்டால் 40 வாட் பல்பு சுமார் 20 வாட்டும், 100 வாட் பல்பு சுமார் 8 வாட்டும் எடுக்கின்றன. சிறிய பல்பே பிரகாசமாக எரியும். உண்மையில் வேறுபாடு இந்தக் கணக்கைவிடவும் பெரியது. பெரிய பல்பின் இழை சூடேறாமலே கிடப்பதால் அதன் தடை 529 ஓமைவிட நன்றாகக் குறைந்திருக்கும்.

பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 70 ஓம் காட்டுகிறது. கணக்கில் 880 ஓம் வருகிறது. மீட்டர் பழுதா?

மீட்டரும் சரி, கணக்கும் சரி. மல்டிமீட்டர் அளந்தது அறை வெப்பநிலையில் குளிர்ந்து கிடக்கும் டங்ஸ்டன் இழையை. கணக்கு சொல்வது ஏறத்தாழ 2500 டிகிரி செல்சியஸில் ஒளிரும் இழையை. டங்ஸ்டனின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.45 விழுக்காடு கூடுகிறது. 2480 டிகிரி உயர்வுக்கு அது ஏறத்தாழ 12 மடங்காகிவிடும். 880-ஐ 12-ஆல் வகுத்தால் 73 ஓம். மீட்டர் காட்டியதற்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்திலேயே பீஸ் போனதற்கும் இதுவே காரணம். எரியும்போது கால் ஆம்பியர் எடுக்கும் இழை, போட்ட கணத்தில் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெலிந்து போன இடம் அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

எல்லா உலோகங்களும் இவ்வளவு மாறுவதில்லை. ஹீட்டர் சுருள்களில் பயன்படும் நிக்ரோம் கலவையின் தடை வெப்பத்தால் மிகச் சிறிதளவே கூடுவதால், ராடைக் குளிர்ந்த நிலையில் அளந்தாலும் வேலை செய்யும்போது கணக்கிட்டாலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். செம்பு இடைப்பட்டது: டிகிரிக்கு 0.39 விழுக்காடு. மோட்டார் வைண்டிங், அதாவது அதனுள் சுற்றப்பட்ட செம்புக் கம்பி, 60 டிகிரி சூடேறினால் அதன் தடை கிட்டத்தட்ட கால் பங்கு கூடியிருக்கும். ஆகவே மின்தடை இவ்வளவு என்று எழுதும்போது எந்த வெப்பநிலையில் என்பதையும் சேர்த்து எழுதுவதே முறையான பழக்கம்.

ஓம் விதி எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. மின்னழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ மின்னோட்டமும் அத்தனை மடங்கு கூடும் என்பதே ஓம் விதி. அது ஒரு குறிப்பிட்ட நிலையில் உலோகங்களில் கண்டறியப்பட்ட விதி. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயோர்க் சைமன் ஓம், தொடக்கத்தில் வோல்ட்டா வகை மின்கலங்களைக் கொண்டே சோதித்தார். மின்னோட்டம் எடுக்க எடுக்க அவற்றின் அழுத்தம் தளர்ந்ததால் அளவுகள் ஒழுங்காக அமையவில்லை. பிறகு பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்னழுத்தத்தைப் பெற்றார். 1827-இல் அவர் வெளியிட்ட நூலுக்குத் தாய்நாட்டில் உடனே உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1841-இல் இலண்டன் அரச கழகம் கோப்லி பதக்கம் அளித்தது. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் ஏற்ப வெப்பம் பிறக்கிறது என்பதை ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அளந்து நிறுவினார்.

ஓமின் வெற்றிக்கு அடிப்படை, மாறாத மின்னழுத்தத்தையும் சீரான வெப்பநிலையையும் அவர் பாடுபட்டு உறுதிசெய்துகொண்டதுதான். டயோடு, எல்இடி, டியூப் லைட்டினுள் இருக்கும் வாயு ஆகியவற்றில் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் மின்னோட்டம் இரட்டிப்பாகாது. அங்கேயும் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து ஓர் எண்ணைப் பெறலாம். ஆனால் அந்த எண் அந்தப் புள்ளிக்கு மட்டுமே உரியது, அடுத்த அளவுக்கு உதவாது. திறனுக்கான பெருக்கலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை: எந்தப் பொருளானாலும் ஒரு கணத்தில் உள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் அந்தக் கணத்துத் திறன் கிடைக்கும்.

அப்படியானால் எல்இடிக்கு எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது?

எல்இடியை விட்டுவிட்டு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த அதனோடு தொடராகச் சேர்க்கும் ரெசிஸ்டரின் மேல் மட்டும் ஓம் விதியைப் பயன்படுத்த வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்இடியை 20 மில்லிஆம்பியரில் எரிக்க விரும்பினால், எல்இடி சுமார் 2 வோல்ட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மீதி 10 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழும். 10 ÷ 0.02 = 500 ஓம். கடைகளில் எளிதில் கிடைக்கும் மதிப்புகள் 470, 560 என்று இருப்பதால் பெரியதான 560-ஐ எடுப்பது நல்லது. மின்னோட்டம் சுமார் 18 மில்லிஆம்பியராகும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ரெசிஸ்டரில் வெப்பமாவது 10 × 0.018, அதாவது 0.18 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும் என்றாலும், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் அரை வாட் ரெசிஸ்டரையே போடுங்கள்.

மின்னழுத்தம் குறைந்தால் மின்கட்டணம் கூடுமா?

சாதனத்தைப் பொறுத்தது. 35.3 ஓம் ராடுக்கு 230-க்குப் பதிலாக 190 வோல்ட்தான் வருகிறது என்றால், திறன் 36,100 ÷ 35.3, அதாவது சுமார் 1020 வாட். மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைய, திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. வர்க்கத்தின் விளைவு இது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 10.7 இலட்சம் ஜூல் வேண்டும். முழு அழுத்தத்தில் அதற்கு 12 நிமிடம் ஆகும். 190 வோல்ட்டில் 17 நிமிடத்துக்கு மேல் ஆகும். தேவைப்படும் ஆற்றல் இரண்டிலும் ஒன்றே, சுமார் 0.3 யூனிட். கூடுதல் நேரத்தில் வாளியிலிருந்து வெளியேறும் சிறிதளவு வெப்பத்தைத் தவிர, கட்டணத்தில் மாற்றம் இராது.

மோட்டாரின் கதை வேறு. தண்ணீரை ஏற்றும் வேலை குறையாமல் மின்னழுத்தம் மட்டும் குறைந்தால், அதே திறனைப் பெறுவதற்காக மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். வைண்டிங்கில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கமாகக் கூடும். குறைந்த மின்னழுத்தத்தில் பம்புகள் கருகுவது இதனால்தான். மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை விவசாயிகள் ஸ்டார்ட்டரில் சரியாக வைத்துக்கொள்வது, கருகிய வைண்டிங்கை மாற்றிச் சுற்றும் செலவைவிட எவ்வளவோ மலிவு.

மோட்டாரிலும் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. மாறுதிசை மின்சாரத்தில், மோட்டாரின் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்காமல் சற்றுப் பின்தங்குகிறது. ஆகவே பெருக்கி வருவதை வோல்ட்-ஆம்பியர் என்று மட்டுமே சொல்ல வேண்டும். அதை, இந்தப் பின்தங்கலின் அளவைக் காட்டும் திறன் காரணியால் பெருக்கினால்தான் வாட் கிடைக்கும். ஒரு குதிரைத்திறன் வீட்டுப் பம்ப் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுக்கிறது, திறன் காரணி 0.8 என்றால், 1380 வோல்ட்-ஆம்பியரில் 1104 வாட்தான் உண்மையான திறன். அதில் 746 வாட், அதாவது ஒரு குதிரைத்திறன், தண்டில் கிடைக்கிறது. மீதி வெப்பமாகவும் உராய்வாகவும் போகிறது.

மும்முனை இணைப்பில் √3 என்ற காரணியும் சேரும்: திறன் = 1.732 × இரு ஃபேஸ்களுக்கிடையே உள்ள மின்னழுத்தம் × ஒரு ஒயரின் மின்னோட்டம் × திறன் காரணி. 415 வோல்ட்டில் 8 ஆம்பியர், காரணி 0.8 என்றால் சுமார் 4600 வாட். இது ஏறத்தாழ 5 குதிரைத்திறன் மோட்டாரின் உள்ளீடு.

மோட்டாரின் வைண்டிங்கை மல்டிமீட்டரில் அளந்து வரும் சில ஓம்களைக் கொண்டு 230-ஐ வகுப்பதும் பிழை. 4 ஓம் என்றால் 57 ஆம்பியர் வரும். ஓடும் மோட்டாரில் அவ்வளவு பாய்வதே இல்லை. சுழலும்போது காந்தப்புலம் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. மோட்டார் சிக்கிக்கொண்டு சுழலாமல் நின்றால் மின்னோட்டம் பல மடங்கு ஏறிப் புகை வருவதற்கும் இதுவே விளக்கம்.

ஹீட்டர் போட்டால் லைட் மங்குகிறது. ஒயரின் தடையைக் கணக்கிட முடியுமா?

இரண்டு அளவுகளின் வேறுபாட்டிலிருந்து முடியும். ஹீட்டரைப் போடுவதற்கு முன் அந்த சுவிட்ச் போர்டில் 229 வோல்ட், போட்ட பின் 221 வோல்ட், அப்போது மின்னோட்டம் 6.3 ஆம்பியர் என்றால், 8 வோல்ட் வழியிலேயே விழுந்திருக்கிறது. 8 ÷ 6.3, அதாவது சுமார் 1.3 ஓம் என்பது கம்பத்திலிருந்து அந்தப் போர்டு வரையுள்ள பாதையின் தடை. அந்தப் பாதையில் வீணாகும் திறன் 8 × 6.3, சுமார் 50 வாட்.

50 வாட் நீண்ட ஒயர் முழுவதும் பரவியிருந்தால் கவலையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் தடை ஒரு கிலோமீட்டருக்கு 12 ஓம் அளவில்தான் இருக்கும். 20 மீட்டர் தொலைவுக்குப் போகவும் வரவும் சேர்த்துக் கணக்கிட்டால் அரை ஓம்கூட வராது. அதைவிட மிக அதிகமாகத் தெரிந்தால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். தளர்ந்த பிளக் பின்னில் அரை ஓம் இருந்தாலே 6.3 × 6.3 × 0.5, அதாவது 20 வாட் வெப்பம் அந்தச் சிறிய பித்தளைத் துண்டில் குவியும். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகுவதற்கு அது போதும். சூடாகும் பிளக்கைப் பார்த்த பிறகும் தொடர்ந்து பயன்படுத்துவது மிக ஆபத்தான வழக்கம். 16 ஆம்பியர் சாதனத்தைத் தற்காலிக ஏற்பாடாகக்கூட 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டாதீர்கள். சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஹீட்டரை ஓட்டுவதும் ஆபத்தே. வெப்பம் வெளியேற வழியில்லை.

பேட்டரியின் உள்தடையும் இதே வழியில் கிடைக்கும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் கார் பேட்டரி, ஸ்டார்ட் செய்கையில் 160 ஆம்பியர் கொடுத்து 10.2 வோல்ட்டுக்கு இறங்கினால், 2.4 ÷ 160, அதாவது 0.015 ஓம் உள்தடை. பேட்டரி முதுமையடையும்போது இந்த எண் ஏறிக்கொண்டே போகும்.

மனித உடலின் தடைக்கும் இதே கணக்குத்தானா?

ஆம். ஈரமான நிலையில் உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லிஆம்பியர் பாயும். 30 மில்லிஆம்பியருக்கு மேல் சிறிது நேரம் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து என்பதால் வீடுகளுக்கான ஆர்சிசிபி என்ற மின்கசிவுப் பாதுகாப்புக் கருவி 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்குமாறு அமைக்கப்படுகிறது. மின்னோட்டம் அளவு மீறினால் மட்டும் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்சிபிக்கு 230 மில்லிஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது ஒயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. ராடு தண்ணீரில் இருக்கும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கையும் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

இந்த அளவுகளைப் பாதுகாப்பாக எடுப்பது எப்படி?

மின்னழுத்தத்தைச் சாதனத்துக்குப் பக்க இணைப்பாகவும், மின்னோட்டத்தைத் தொடராகவும் அளக்க வேண்டும். மல்டிமீட்டரை ஆம்பியர் துளையில் வைத்துச் சாக்கெட்டின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மாட்டினால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். மீட்டரும் கையும் கருகலாம். ஓம் நிலையை, மின்சாரம் முற்றிலும் துண்டிக்கப்பட்ட சாதனத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தில் மின்னோட்டத்தை அளக்க, ஒயரை ஒரு வளையத்தால் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரே ஏற்றது. ஒயரை வெட்டாமலே படித்துவிடலாம். ஆனால் அதன் வளையத்துக்குள் ஃபேஸ் ஒயர் மட்டுமே இருக்க வேண்டும். நியூட்ரலும் சேர்ந்தால் எதிரெதிர் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று நீக்கிப் பூச்சியம் காட்டும். அனுபவமில்லாதவர்கள் ஒயர்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வேலையை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

விடையை எத்தனை இலக்கம் வரை எழுதுவது என்பதும் அளவியலில் அடங்கும். மின்னழுத்தத்தில் 1 விழுக்காடும் மின்னோட்டத்தில் 2 விழுக்காடும் பிழை இருக்கக்கூடிய மீட்டர்களால் கிடைத்த தடையில் 3 விழுக்காடு வரை பிழை சேரலாம். அப்போது 35.625 ஓம் என்று எழுதுவது பொருளற்றது. 36 ஓம் என்பதே நேர்மையான விடை.

ஆம்பியர் மீட்டர் இல்லை. வேறு வழி உண்டா?

வீட்டு மின் மீட்டரே உதவும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்புகள் என்று அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் சிறிய சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னும். 3200 என்று குறித்த மீட்டரில், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ராடை மட்டும் போட்டு, 15 விநாடியில் 20 மின்னல்களை எண்ணினால், 20 ÷ 3200 யூனிட், அதாவது 22,500 ஜூல் செலவாகியிருக்கிறது. ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல். 22,500 ÷ 15 = 1500 வாட். அப்போதைய மின்னழுத்தத்தைப் பல மீட்டர்கள் திரையிலேயே காட்டும். அது 228 என்றால் மின்னோட்டம் 1500 ÷ 228, சுமார் 6.6 ஆம்பியர், தடை சுமார் 34.7 ஓம். ராடு, அயர்ன் பாக்ஸ், கீசர் போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும். மோட்டாருக்கு இதனால் வாட் மட்டுமே கிடைக்கும்; திறன் காரணி தெரியாமல் அதிலிருந்து ஆம்பியருக்குப் போக முடியாது.